ஞானமுத்து ஐயா காத்த தவறணை

போன கிழமை எங்கள் பழைய கந்தோரில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளம் பரிசோதகர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கையில் ஒரு பத்திரிகை. வியாபாரம் படுத்துப்போன தவறணைகளுக்கு வரியைக் குறைத்து, கொஞ்சக் காலத்துக்குக் கைகொடுக்க அரசாங்கம் யோசிக்கிறதாம். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கள்ளுக்கடைக்காரனுக்கும் நிவாரணமா ஐயா? உங்கட காலத்தில இப்பிடி ஒண்டு நடந்திருக்குமா?" என்று கேட்டார்.

நடந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அன்று பாதியைத்தான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தன்னாமுனை. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் நடுவில் மதுவரித் திணைக்களத்தில் சேர்ந்தேன். கொழும்பில் சில மாதம் சட்டமும், சாராயத்தின் பலத்தை அளக்கும் கண்ணாடி மானியைப் பிடிக்கிற விதமும் சொல்லித்தந்தார்கள். முதல் இடம் கதிரவெளி. அங்கே நான் கற்றுக்கொண்டது மணலில் ஓடுவது. நான் துரத்திய கள்ளச் சாராயக்காரர்கள் என்னைவிட நன்றாக ஓடினார்கள். பிறகு மட்டக்களப்பு நகரத்துக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே எனக்கு மேலதிகாரியாக வந்தவர்தான் ஞானமுத்து ஐயா.

அவர் மெதடிஸ்த சபைக்காரர். மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். வாழ்நாளில் ஒரு துளி தொட்டதில்லை. அப்படிப்பட்டவரைக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பொறுப்பாக வைத்திருக்கிறார்களே என்று கந்தோரில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. அவரிடம் யாரோ இதைக் கேட்டதற்கு, "பாம்புக்கடி வைத்தியருக்குப் பாம்பில ஆசை வேணுமா?" என்று திருப்பிக் கேட்டாராம்.

அவருடன் முதன்முதலாக ஒரு தவறணைக்குப் போன நாள் நல்ல ஞாபகம். நான் தொப்பியோடு உள்ளே நுழைந்து கள் முட்டிகள் இருந்த மூலைக்கு நேரே போனேன். ஐயா வாசலில் நின்றுவிட்டார்.

"மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை, தொப்பியைக் கழற்றுங்க. இது அவருடைய கடை."

குத்தகைக்காரரிடம் "உள்ள வரலாமா?" என்று கேட்டு, அவர் "வாங்க ஐயா" என்று சொன்ன பிறகுதான் படியில் கால் வைத்தார். மரமேறிக் கள் இறக்கும் சீவல்காரர்களை அந்தக் காலத்தில் எங்கள் சிப்பந்திகள்கூட "டேய்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஐயா எல்லோரையும் "நீங்க" என்றுதான் சொல்வார். முதல் தடவை கேட்கிற சீவல்காரர் பின்னால் திரும்பிப் பார்ப்பார், வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து.

அவர் சோதனை செய்யும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் தோட்டத்துக்குப் போவார். கள் இறக்க அனுமதித்த தென்னை ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதியிருக்கும். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து, இலக்கம் இல்லாத மரத்தில் முட்டி தொங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு தவறணைக்கு வந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் கள்ளை வார்த்து வெளிச்சத்தில் வைப்பார். நுரை ஓரத்தில் ஒட்டி நிற்கிறதா, உடனே செத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். தண்ணீர் கலந்த கள்ளின் நுரை நிற்காது. விரலில் தொட்டுத் தேய்த்து மணந்து பார்ப்பார். வாயில் வைப்பது என் வேலை. கடைசியாக, குடிக்க வந்தவர்களோடு வாங்கில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார். அவருக்கு வேண்டிய செய்தியில் பாதி அந்த வாங்கில்தான் கிடைக்கும்.

அன்றைய முறை இது. ஆண்டுக்கு ஒரு தரம், மாகாணத்தை நிர்வகிக்கும் ஏசண்டர் துரையின் கச்சேரியில் தவறணைகளை ஏலம் விடுவார்கள். கூடக் கேட்டவருக்கு அந்த இடத்தில் ஒரு வருடம் விற்கிற உரிமை. அந்தக் குத்தகைதான் அரசாங்கத்தின் வரி. மாதாமாதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். யாராவது காணியை ஈடு வைத்துப் பிணை நிற்க வேண்டும். கட்டத் தவறினால் தவறணையை மறுபடி ஏலம் விட்டு, குறைகிற தொகைக்குப் பிணைகாரரின் காணியை விற்பார்கள்.

தேற்றாத்தீவுப் பக்கம், கடற்கரை றோட்டோரமாக, தென்னந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு கள்ளுத் தவறணை இருந்தது. கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில். அதைச் சாமித்தம்பி என்பவர் பல வருடமாக எடுத்து நடத்தினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கொப்பறா நல்ல விலை போன காலத்தில் தோட்டங்களில் எந்நேரமும் வேலை இருந்தது. கூலி நாளில் அவருடைய வாங்குகளில் இடம் கிடைக்காது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஏலத்தில் போட்டிக்கு வந்தார்கள். அந்த நல்ல காலத்தின் கடைசி ஏலத்தில் விலை ஏறி ஏறி, சாமித்தம்பி யோசிக்காமல் கூடக் கேட்டுவிட்டார். பிணை நின்றவர் அவருடைய அக்கா பொன்னம்மா. புருஷனை இழந்தவர். வாவிக்கு அப்பால் படுவான்கரையில், தாய்வழியாக வந்த வயல் ஒன்று அவருக்கு இருந்தது. அதுதான் ஈடு. அதுதான் அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் சோறு.

ஏலம் முடிந்து கொஞ்சக் காலத்தில் கொப்பறா விலை விழத் தொடங்கியது. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் பக்கத்தில் தேங்காய் விழுந்த இடத்திலேயே முளைத்துக் கிடந்தது. பொறுக்கக் கூலி கொடுக்க முதலாளிமார் விரும்பவில்லை. தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. தவறணை வாங்குகள் காலியாகின. குத்தகை மட்டும் நல்ல காலத்தில் கேட்ட விலையிலேயே நின்றது.

அந்த நாட்களில் சோதனைக்குப் போகிற இடமெல்லாம் கள்ளில் தண்ணீர் இருந்தது. சில இடத்தில் தண்ணீரில்தான் கள் இருந்தது. சாமித்தம்பியின் கடையில் குவளையை வெளிச்சத்தில் பிடித்தேன். நுரை அப்படியே நின்றது. வாயில் வைத்தேன். முந்தி இருந்த அதே கள்தான், குறையே இல்லை.

"எல்லாரும் கலக்கிறாங்க. நீங்க ஏன் கலக்கல்ல?" என்று கேட்டேன்.

"குடிக்கிறவனுக்கும் நாக்கு இரிக்கி ஐயா. இப்ப வாறது நாலு பேர். அவங்களையும் ஏமாத்தினா மறுகா ஆருக்கு விக்கிற?"

"கட்டுக்காசு?"

 அவர் கடைக்குப் பின்னால் மாட்டுவண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தார். வண்டியும் இல்லை, மாடுகளும் இல்லை.

அடுத்த மாதக் கட்டு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உரிமத்தை நிறுத்தி, பிணைக் காணியை விற்க ஏற்பாடு செய்யும்படி கச்சேரியிலிருந்து எங்களுக்கு உத்தரவு வந்தது.

அந்தக் கிழமைதான் பொன்னம்மா எங்கள் கந்தோருக்கு வந்தார். படுவான்கரையிலிருந்து தோணியில் வாவியைக் கடந்து, பிறகு நடந்து வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து கிடந்தது. விறாந்தையில் நின்றவரை ஐயா உள்ளே கூப்பிட்டு, தன் மேசைக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். லிகிதர்கள் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்னம்மா கதிரையின் நுனியில் இருந்தார்.

"கள்ளுக்கடைக்கு வயல ஈடு வெச்சவள் எண்டு ஊர் சிரிக்கிது ஐயா. சிரிக்கட்டும். என்ட தம்பிக்கு நான் நிக்காம ஆர் நிக்கிற? இப்ப வயலுல கதிர் வந்திரிக்கி. அத வெட்டி எடுக்கிற வரைக்கும் பொறுப்பீங்களா எண்டு கேக்கத்தான் வந்தன்."

ஐயா உடனே ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"பொறுக்கிற அதிகாரம் எனக்கு இல்ல அம்மா. கேக்கிற அதிகாரம் இரிக்கி. உங்களுக்காக நான் ஏசண்டர் துரையிடம் கேக்கிறன். ஆனா அதுக்கு முதல் உங்கட தம்பி சொல்லுறது உண்மையா எண்டு பார்ப்பன். பொய்யா இருந்தா நானே வந்து காணியை விப்பன்."

"பாருங்க ஐயா," என்றார் பொன்னம்மா. "நல்லாப் பாருங்க."

ஐயா பார்த்தார். அந்த விசாரணையை நான் மறக்க மாட்டேன். குத்தகைக்காரர்கள் நட்டம் என்று அழுவது புதிதல்ல. நல்ல விற்பனை இருந்தும் அழுவார்கள். ஆகவே சாமித்தம்பி சொன்னதை ஐயா ஒரு பக்கம் வைத்துவிட்டார். தோட்டத்துக் கங்காணியிடம் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று கேட்டார். சீவல்காரர்களிடம் எந்தெந்த மரத்தில் பாளை கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த மரங்களை நடந்து போய்ப் பார்த்தார். ஒரு நாள் றோட்டில் காத்தான்குடிப் புடவை வியாபாரி காசிம் காக்காவை நிறுத்தினார். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவர்.

"காக்கா, சாமித்தம்பியட தவறணையில வியாபாரம் எப்பிடி?"

காசிம் காக்கா சைக்கிளைவிட்டு இறங்கினார். "கள்ளு விசயத்த எனக்கிட்டக் கேக்கிறீங்களே ஐயா. நான் அந்தப் பக்கம் கால் வெக்கிறவன் இல்ல."

"அதனாலதான் கேக்கிறன். உங்களுக்கு அதில லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

"அப்ப சாறன் விசயம் சொல்லுறன். முந்தி கூலி நாளண்டு இந்தத் தோட்டத்தில ஒரு கட்டுச் சாறன் போகும். இப்ப பழைய சாறனத் தைக்க ஊசிநூல்தான் கேக்காங்க. சாறனுக்கே காசில்லாதவன் கள்ளுக்கு எங்க போற?"

ஐயா தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது என்னிடம் கேட்டார்: "காசில்லாட்டிக் குடி நிண்டிருக்கும் எண்டு நினைக்கிறீங்களா?"

"நிக்காது ஐயா."

"அப்ப எங்க குடிக்கிறாங்க?"

விடை சில நாளில் கிடைத்தது. வாவியோரக் கண்டல் காட்டுக்குள் கள்ளச் சாராயம் வடிக்கிறார்கள் என்று தகவல் வந்து, விடியற்காலையில் இரண்டு தோணியில் போனோம். பீப்பாவும் அடுப்பும் அகப்பட்டன. ஆட்கள் தண்ணீருக்குள் குதித்துத் தப்பிவிட்டார்கள். அங்கே கிடந்த தகரங்களில் ஒன்றை ஐயா மணந்து பார்த்தார். முகம் மாறியது. தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட். வடித்தது போதாமல் அதையும் கலந்து விற்றிருக்கிறார்கள்.

"இதைக் குடிச்சவங்களைத் தேடுங்க," என்றார். "பிடிக்கிறதுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு."

இரண்டு நாள் தேடினோம். தேங்காய் உரிக்கிற ஏரம்பு என்பவரை அவருடைய குடிசையில் கண்டோம். நடுத்தர வயது, பலமான கைகள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. மனைவி தலைமாட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. பார்வை திரும்பவில்லை.

இதற்கிடையில் ஊரில் கதை பரவிவிட்டது, ஞானமுத்து ஒரு கள்ளுக்கடையைக் காப்பாற்ற அலைகிறார் என்று. ஒரு நாள் ஐயாவின் சபைப் போதகர் கந்தோருக்கு வந்தார். ஐயாவுக்கு நெடுநாள் நண்பர். நான் அடுத்த மேசையில் இருந்தேன். இருவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"தானாகச் சாகிற கடை அது. நாங்கள் இத்தனை வருடமாக ஜெபித்தது நடக்கிறது. நீங்கள் போய் முட்டுக் கொடுக்கிறீர்கள்," என்றார் போதகர்.

"அந்தக் கடை மூடுற நாள் எனக்குச் சந்தோசமான நாள் ஐயா," என்றார் ஞானமுத்து ஐயா. "ஊர்ச் சனம் வாக்குப் போட்டு மூடட்டும். சட்டத்தில அதுக்கு வழி இரிக்கி. நானே சீல் வைப்பன். ஒரு கைம்பெண்ணின் வயலை வித்து மூடுற கடையால எந்தச் சனத்துக்கு நன்மை? குடிக்கிறவன் கண்டலுக்குள்ள போறான். போய் என்னத்தைக் குடிக்கிறான் எண்டு ஆஸ்பத்திரியில போய்ப் பாருங்க."

"மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர் கள்ளுக்கடைக்குச் சலுகை கேட்கிறார் என்று சபையில் பேசுகிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?"

 ஐயாவின் தகப்பன் தொடங்கிய சங்கம் அது.

"தலைவரா இனி நான் இல்லை எண்டு சொல்லுங்க. உறுப்பினரா இருப்பன். அதுக்குச் சம்மதம்தானே?"

போதகர் எழுந்து போனார். ஐயா ஒரு கோப்பைத் திறந்தார். வெகுநேரம் ஒரே பக்கத்தில் இருந்தார். அன்று நான் வீட்டுக்குப் போகும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஏசண்டர் துரை வெள்ளைக்காரர், மாகாணத்துக்கே அதிபதி. கறாரான மனிதர். பரீட்சைக்குப் படித்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பது அவர் கொள்கை. ஐயா எழுத்தில் கேட்டபோது மறுத்துவிட்டார். நேரில் கேட்டபோதும் மறுத்தார். மூன்றாம் முறை ஐயா, "தீர்மானத்தை மாத்தச் சொல்லி வரயில்லை. ஒரு தரம் வந்து அந்த வாங்கில இருந்து பாருங்க எண்டு கேக்க வந்தன்," என்றாராம். துரைக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

கூலி நாளில், பொழுது சாயும் நேரத்தில், துரையின் கார் தவறணை வாசலில் நின்றது. சாமித்தம்பி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஐயா வழக்கம்போல வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். துரை அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானும் தொப்பியைக் கழற்றினார்.

நீள வாங்குகள் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தன. ஒரு மூலையில் கிழவர் ஒருவர் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தார். முட்டிகளில் கள் நிறைந்திருந்தது. விற்காவிட்டால் மறுநாள் புளித்துப்போகும்.

"இன்று விடுமுறையோ?" என்று துரை கேட்டார்.

"இல்ல துரை," என்றார் சாமித்தம்பி. "இண்டைக்குத்தான் கூலி நாள்."

துரை வாங்கில் உட்கார்ந்தார். எதிரே ஐயா உட்கார்ந்தார். நான் நின்றேன்.  கடல் இரைகிற சத்தம் மட்டும் தோட்டத்துக்கு அப்பாலிருந்து வந்தது. துரை பொறுமையாகத்தான் இருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, யாரும் வரவில்லை. துரை ஒரு குவளை கள் கேட்டு வாங்கிக் குடித்தார். "நன்றாக இருக்கிறது," என்றார். ஐயாவுக்குச் சாமித்தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது வாசலில் ஏரம்பு வந்தார். மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஐயாதான் வரச் சொல்லியிருந்தார். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏரம்புவைக் கூப்பிடப் போனவன் நான்தான்.

"ஏரம்பு, துரை இஞ்ச இரிக்கிறார். கேக்கிறதுக்கு உள்ளதச் சொல்லுங்க," என்றார் ஐயா.

துரை ஏரம்புவின் கண்களைப் பார்த்தார். "நீர் முன்பு இந்தக் கடையில் குடித்தீரோ?"

"ஓம் துரை. அந்தா, அந்த மூலையிலதான் இருப்பன்." ஏரம்பு கையை நீட்டினார். சரியான மூலையைத்தான் காட்டினார்.

"பிறகு ஏன் வரவில்லை?"

"வேல ஒரு கிழமைக்கு ஒண்டு ரெண்டு நாள்தான் துரை. சாமித்தம்பி அண்ணனால விலையக் குறைக்க ஏலா, குத்தக கட்டணும். கண்டலுக்குள்ள அரை விலைக்குக் குடுத்தாங்க."

"யார் கொடுத்தார்கள்?"

ஏரம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரை மறுபடி கேட்கவில்லை.

மனைவிதான் பேசினார். "இவர் குடிக்கிறத நான் ஏசாத நாளில்ல துரை. இந்தக் கடைய மூடச் சொல்லி நேர்ந்து வெச்சவள் நான். ஆனா இஞ்ச குடிச்சிட்டு நடந்து வீட்ட வந்தார். அங்க குடிச்ச நாள் தூக்கிட்டு வந்தாங்க."

துரை குவளையைக் கீழே வைத்தார். பிறகு ஐயாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீர் மதுவிலக்குச் சங்கத் தலைவர் அல்லவா?"

"இருந்தேன்."

"இந்தக் கடை இருக்க வேண்டும் என்று விரும்புகிறீரா?"

"இல்லை. ஆனால் கொப்பறா நல்ல விலைக்குப் போனபோது ஏலத்தில் விலை ஏற ஏற அரசாங்கம் சந்தோசமாக வாங்கியது. அந்த லாபத்துக்குச் சாமித்தம்பி மட்டும் காரணம் இல்லை. இந்த நட்டத்துக்கும் அவர் மட்டும் காரணம் இல்லை. லாபத்தில் பங்கு எடுத்தவர்கள் நட்டத்திலும் ஒரு பங்கு எடுக்க வேண்டும்."

"இதற்கு நான் சம்மதித்தால் கரையோரத்துக் குத்தகைக்காரர் எல்லோரும் நாளைக்கே கச்சேரி வாசலில் நிற்பார்கள்."

"நிற்கட்டும். ஒவ்வொரு தவறணையிலும் நாங்கள் இப்படிப் போய் இருந்து பார்க்கிறோம். உண்மையாக விழுந்தவருக்குக் கொடுங்கள். தண்ணீர் கலந்தவருக்குக் கொடுக்க வேண்டாம்."

அந்த "நாங்கள்" என்பதில் நானும் அடக்கம் என்று அப்போதே விளங்கிவிட்டது. கரையோரத்தில் எத்தனை தவறணை என்று நினைத்ததும் என் கால்கள் வலித்தன.

துரை எழுந்தார். காணி விற்பனையை நிறுத்தி வைக்கிறேன் என்றார். குத்தகையைக் குறைப்பது தன் அதிகாரத்தில் இல்லை, கொழும்புக்கு எழுதுகிறேன் என்றார். கள்ளுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார். சாமித்தம்பி வாங்க மறுத்தார். ஐயா, "வாங்குங்க, இண்டைக்கு நடந்த வியாபாரம் அதுதானே," என்றார். அன்று சாமித்தம்பி சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து பதில் வர நாளெடுத்தது. அதற்குள் பொன்னம்மா வெட்டிய கதிரைக் குவித்துச் சூடு போட்டு, மிதித்து நெல்லை வீட்டுக்கு ஏற்றிவிட்டார். பதில் வந்தபோது ஐயா இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மீதி மாதங்களுக்குக் குத்தகை விற்பனைக்கு ஏற்ற அளவுக்குக் குறைந்திருந்தது. நிலுவையில் ஒரு பகுதி தள்ளுபடி. மிச்சத்தைச் சிறுகச் சிறுகக் கட்டலாம். நேர்மையாக நடத்தி நட்டப்பட்ட மற்றத் தவறணைகளுக்கும் அப்படியே, எங்கள் விசாரணையைப் பொறுத்து.

"சைக்கிளுக்குப் புது டயர் போடுங்க மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை," என்றார் ஐயா.

டயர் தேய்ந்தது உண்மை. அந்த ஆண்டு முழுவதும் கரை நெடுகப் போய்த் தவறணை வாங்குகளில் உட்கார்ந்தோம். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் ஐயாவை ஏசினார்கள். நகரத்தில் பெரிய தவறணை வைத்திருந்த ஒருவர் சாராயப் போத்தல்களைக் கூடையில் வைத்து ஐயா வீட்டுக்கு அனுப்பினார். ஐயா அவற்றை எடுத்துவந்த ஆளின் தலையிலேயே திருப்பி ஏற்றிவிட்டு, விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார். சாமித்தம்பி விலையைக் குறைத்தார். வாங்குகளில் ஆட்கள் திரும்பவும் தெரிந்தார்கள், பழையபடி இல்லாவிட்டாலும். கண்டலுக்குள் போவது வெகுவாகக் குறைந்தது. தவறணைக்கு வெளியே ஏரம்புவின் மனைவி பொரித்த மீன் விற்கத் தொடங்கினார். சாமித்தம்பிதான் இடம் கொடுத்தார். ஏரம்பு பக்கத்தில் இருந்து தேங்காய் உரித்துக் கொடுப்பார். அதற்குக் கண் வேண்டியதில்லை, கைக்குத் தெரியும் என்பார்.

சில வருடம் கழித்து அந்த ஊரில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. போதகரும் ஊர்ப் பெரியவர்களும் வீடு வீடாகப் போனார்கள். ஐயா அந்தப் பக்கமே போகவில்லை. உத்தியோகத்தில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்றார். வேண்டாம் என்ற பக்கம் வென்றது. குத்தகை முடிகிற அன்று கடையை மூடச் சாமித்தம்பிக்கு அறிவித்தோம். அவர் நிலுவை முழுவதையும் கட்டித் தீர்த்திருந்தார். பொன்னம்மாவின் வயல் ஈட்டிலிருந்து விடுபட்டிருந்தது.

சீல் வைக்க நானும் ஐயாவும் போனோம். ஊர் திரண்டு நின்றது. போதகரும் வந்திருந்தார். சாமித்தம்பி கொட்டிலைப் பெருக்கி, முட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கதவைப் பூட்டித் திறப்பை ஐயாவின் கையில் கொடுத்தார்.

"உங்களுக்குச் சந்தோசம்தானே ஐயா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை.

"சந்தோசம்தான்," என்றார் ஐயா. "ஊர் மூடியிரிக்கி. நீங்க ஆருக்கும் கடன் இல்லாம வெளிய வாறீங்க. ரெண்டும் சந்தோசம்."

பிறகு சீவல்காரர்களைக் கூப்பிட்டார். கருப்பட்டி காய்ச்சவும் வினாகிரி போடவும் பதநீர் இறக்குகிற அனுமதிப் பத்திரங்களை முன்கூட்டியே எழுதி எடுத்துவந்திருந்தார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்த எனக்கே தெரியாது.

கூட்டம் கலையும்போது பொன்னம்மா வந்து முன்னால் நின்றார். முன்பு ஒரு தரம் அவர் ஒரு மூட்டை நெல் அனுப்பி, உத்தியோகத்தர் வாங்கக் கூடாது என்று ஐயா திருப்பி அனுப்பியிருந்தார். பொன்னம்மா அதை மறக்கவில்லை.

"நெல்லு வேணாம் எண்டீங்க. ஆக்கின சோறும் வேணாம் எண்டுவீங்களா?"

ஐயா என்னைப் பார்த்தார். சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்ததாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு, "எல்லாருக்கும் இரிக்கா?" என்று கேட்டார்.

"ஊருக்கே ஆக்கியிரிக்கன்."

சாமித்தம்பி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஐயா உட்கார்ந்து, தன் வலப்பக்கம் இடம் விட்டு, ஒதுங்கி நின்ற சீவல்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தயங்கினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐயா இலையில் கை வைக்கவில்லை. அப்போது போதகர் எழுந்து வந்து, தயங்கி நின்றவர்களில் மூத்தவரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஐயாவின் வலப்பக்கம் இருத்திவிட்டு, தானும் அவருக்கு அடுத்ததாக இருந்துகொண்டார்.

பொன்னம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தார். ஐயா வேண்டாம் என்று கையை மறிக்கும்வரை நிறுத்தவில்லை. அவர் வெகுநேரம் கையை மறிக்கவில்லை.